கதிரேசனுக்கு நான் பொறுப்பு

போன மாதம் என்ர பழைய ஒஃபிசில இருந்து நிரோஷா கோல் எடுத்தா. நான் ஓய்வு எடுத்த பிறகு என்ர கதிரையில இருக்கிறவ. "அக்கா, புது செக்கியூரிட்டி புரோகிராம் போட்டாச்சு. இனி நம்பிக்கைப் பட்டியலைக் கட்டி மாரடிக்கத் தேவையில்லை. ஆரை விடுறது, ஆரை மறிக்கிறது எண்டு அதுவே மார்க்ஸ் போட்டுப் பாத்துக்கொள்ளும்" எண்டு சந்தோசத்தில ஒரே புளுகம். "நல்லது பிள்ளை" எண்டு சொல்லி ஃபோனை வைச்சன். வைச்ச பிறகுதான் எனக்குக் கோவம் வந்தது. நிரோஷாவில இல்லை, மார்க்ஸ் போடுற அந்தக் கண்டறியாத மெஷினில. கதிரேசனுக்கு அது எத்தினை மார்க்ஸ் போட்டிருக்கும் எண்டு யோசிச்சன். தேத்தண்ணி ஊத்திக் குடிச்சும் மனம் ஆறேல்லை. சரி, எழுதித்தான் பாப்பம் எண்டு இருந்திட்டன்.

விளங்காதவைக்கு முதல்ல விசயத்தைச் சொல்லிப்போடுறன். ஒரு கொம்பியூட்டரில எந்தப் புரோகிராம் ஓட வெளிக்கிட்டாலும், காவல் இருக்கிற செக்கியூரிட்டி புரோகிராம் அதை மறிச்சு, உன்னைச் செய்தது ஆர் எண்டு கேக்கும். ஒழுங்கான கொம்பனியள் தாங்கள் செய்யிற ஒவ்வொரு புரோகிராமிலயும் ஒரு மின் கையெழுத்துப் போட்டுத்தான் வெளியில விடுவினம். அந்தக் கையெழுத்துக்காரற்ற பேர் எங்கட நம்பிக்கைப் பட்டியலில இருந்தால் காவல் பேசாமல் வழி விடும். கலியாண வீட்டு வாசலில மாப்பிள்ளை பகுதியை ஆரும் மறிச்சுக் கேக்கிறேல்லைத்தானே, அதே கதைதான். அந்தப் பட்டியலில ஆரைச் சேக்கிறது, ஆரை எடுக்கிறது எண்டு பாக்கிறதுதான் அங்க என்ர வேலையா இருந்தது. கேக்கச் சின்ன வேலை. ஆனால் பிழையான ஒரு பேர் ஏறினால், அவன் உள்ள கொண்டுவாற எதையும் பிறகு ஆரும் மறிக்க மாட்டினம்.

வேலை செய்தது கொழும்பில ஒரு தனியார் ஹொஸ்பிட்டலில. வெள்ளவத்தையில இருந்து ஒரு பஸ்ஸில போய் இறங்கிற தூரம். தட்டச்சுக்காரியாத்தான் உள்ள போனனான். கொம்பியூட்டர் வந்தது, ஆர் பழகுறீங்கள் எண்டு கேட்டினம், கையைத் தூக்கினன். கலியாணம், பிள்ளைப்பேறு, பின்னேர வகுப்பு எல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டா நடந்தது. சோதினையில விழுந்து, திரும்ப எழுதி, ஒரு மாதிரி செக்கியூரிட்டிப் பகுதியில வந்து சேந்தன். அவ்வளவுதான். படிச்ச கதை ஆருக்கு வேணும்!

எங்கட பகுதிக்குத் தலைவர் ஜவ்பர் சேர். வயதில எனக்குத் தம்பி, பதவியில எனக்கு மேல. அவர் என்னை அக்கா எண்டுவார், நான் அவரை சேர் எண்டுவன், ரெண்டு பேருக்கும் அதில ஒரு கூச்சமும் இல்லை. மாளிகாவத்தைத் தொடர்மாடியில பிறந்து வளந்தவர். பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் சுவருக்குள்ளால கேட்டு வளந்ததாலயோ என்னவோ, தன்ர குரலை உயத்தவே மாட்டார். 'இருக்கு' எண்டதை 'ஈக்கி' எண்டும், 'சொல்லு' எண்டதை 'செல்லு' எண்டும்தான் கதைப்பார். நான் அதுக்கு நேர் எதிர். எனக்குக் கோவம் வந்தால் கீழ் மாடியில மருந்து குடுக்கிறவைக்கும் தெரியும்.

பட்டியல் விசயத்தில சேருக்குத் தன்ர முறை ஒண்டு இருந்தது. ஒரு பேர் ஏற வேணும் எண்டால் எங்கட ஒஃபிசில ஒருத்தர் அந்தப் பேருக்குப் பொறுப்பு நிக்க வேணும். பொறுப்பு நிக்கிறவர் தானே அந்தக் கொம்பனிக்குக் கோல் எடுக்க வேணும். அவை தந்த நம்பருக்கு இல்லை, நாங்களாத் தேடிப் பிடிச்ச நம்பருக்கு. கையெழுத்துப் போடுற சாவி ஆரிட்ட இருக்கு, எங்க வைக்கிறனீங்கள், வேற ஆர் தொடுவினம் எண்டு கேக்க வேணும். பதில் ஈமெயிலில வந்தால் சேர் ஏற்கவே மாட்டார். "கொரல் கேட்டீங்களா அக்கா?" எண்டுதான் கேப்பார். வருசத்துக்கு ஒருக்கால் எங்களை எல்லாம் இருத்தி, இஞ்சித் தேத்தண்ணி எடுப்பிச்சு, பட்டியலைப் பேர் பேரா வாசிப்பார். கடைசியா அவையோட எப்ப கதைச்சது, என்ன கதைச்சது எண்டு பொறுப்பு நிக்கிறவர் சொல்ல வேணும். ஆரும் வாய் திறக்காட்டி அந்தப் பேர் போயிடும். பெரிய வெளிநாட்டுக் கொம்பனியளின்ர பேரும் அப்பிடிப் போயிருக்கு. பிறகு அவையின்ர கோல் சென்டரில பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்துக்கிடந்து நான் திரும்பச் சேத்தனான். ஆக்கினை பிடிச்ச வேலை! முதுகுக்குப் பின்னால நாங்கள் இதைப் "பொம்பிளை பாக்கப் போறது" எண்டு பகிடி பண்ணுவம்.

ஒருக்கால் ஒரு பெரிய சத்திரசிகிச்சை டொக்டர், இலவசமா இறக்கின பாட்டுப் புரோகிராம் தன்ர அறைக் கொம்பியூட்டரில ஓடுதில்லை எண்டு பாய்ஞ்சுகொண்டு வந்தார். "உடன அந்தப் பேரைச் சேருங்கோ" எண்டு மேசையில தட்டினார். நான் வாய் திறக்க முதல் ஜவ்பர் சேர் எழும்பி நிண்டார். "இரிங்க டொக்டர், சேத்துருவம். பொறுப்பு நிக்க ஒரு ஆள் வேணும். ஒங்கட பேரப் போடட்டா?" எண்டு பேனையைத் திறந்தார். டொக்டர் பேனையைப் பாத்தார், சேரைப் பாத்தார். "அந்தப் பாட்டுகள் ரேடியோவிலயும் போறதுதானே" எண்டு சொல்லிப்போட்டு நடந்தார். நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! சேர் மட்டும் சிரிக்கேல்லை. "பாவம், அலுத்துப்போய் ஈக்கிறார் போல" எண்டு பேனையை மூடினார்.

இனிக் கதிரேசன்ர கதைக்கு வாறன். பேரை மாத்தித்தான் எழுதுறன், அவரிட்டக் கேட்டுத்தான் எழுதுறன்.

கொட்டாஞ்சேனையில கீழ பாத்திரக்கடையும் மேல இவையின்ர ஒஃபிசுமா ஒரு ஒடுங்கின கட்டடம். கதிரேசனும் மனிசி வசந்தியும், வேலைக்கு நிண்ட ரெண்டு பேரும், அவ்வளவுதான் கொம்பனி. இந்தியாவில இருந்து வந்து கொழும்பில காலூண்டின குடும்பம். தகப்பன் லேத் பட்டறை வைச்சிருந்தவர், மகன் கொம்பியூட்டருக்கு வந்திட்டார். இரத்தம் சோதிக்கிற மெஷின்களில இருந்து முடிவை எடுத்து ரிப்போட் ஆக்கிக் குடுக்கிற புரோகிராம் அவற்றது. எங்கட லாபும், கொழும்பைச் சுத்தியிருக்கிற வேற கொஞ்ச லாபுகளும் அதைத்தான் பாவிச்சவை. அவருக்குப் பொறுப்பு நிண்டது நான்.

அவற்ற கையெழுத்துச் சாவி ஒரு சின்ன யூஎஸ்பி குச்சி. அதை மெஷினில செருகி, இரகசிய இலக்கத்தை அடிச்சால்தான் கையெழுத்து விழும். "வேல முடிஞ்ச ஒடனே கழட்டிருவேன் மிஸ். அலமாரியில வச்சுப் பூட்டிருவோம்" எண்டார். நான் நேரில போயும் பாத்தனான், சொன்னபடிதான் செய்தார். கோல் எடுத்தால் உடன எடுப்பார். பிழை எண்டால் பிழை எண்டு ஒத்துக்கொள்ளுவார். பட்டியலில இருந்த பேருகளுக்குள்ள என்ர நித்திரையைக் குழப்பாத பேர் அது.

நவராத்திரி முடிஞ்சு அடுத்த கிழமை, காலமை வந்து பாக்கிறன், லாப் வரவேற்புக் கொம்பியூட்டர் ஒண்டு வெளியில எங்கேயோ எதையோ அனுப்பப் பாக்குது, பாக்குது, விடாமல் பாக்குது. நெற்வேர்க் வாசலில வேற ஒரு தடை இருந்தபடியால் ஒண்டும் போகேல்லை. பிள்ளையாரப்பா எண்டு நெஞ்சில கை வைச்சன். உள்ள என்ன இருக்கு எண்டு தோண்டிப் பாத்தால், நாங்கள் காணாத ஒரு புரோகிராம். நோயாளியளின்ர ரிப்போட்டுகளைப் பேரோட, வருத்தத்தோட அள்ளிக் கட்டி வைச்சிருக்கு. இது எப்பிடிக் காவலைத் தாண்டி வந்தது? கையெழுத்தைப் பாத்தன். கதிரேசன்ர கையெழுத்து. போலி இல்லை, அச்சொட்டா அவற்றதுதான். அவற்ற புரோகிராம் வழக்கமா அப்டேட் எடுக்கிற வழியாலதான் வந்திருக்கு. 

சேரிட்ட ஓடினன். அவர் முழுக்கக் கேட்டிட்டு, "பேர எடுங்க" எண்டார். எடுத்தன். ஆனால் பேரை எடுத்தால் லாபும் நிண்டிடும். ஒப்பரேசனுக்குப் படுத்திருக்கிறவையின்ர இரத்த ரிப்போட் வராது. அதால, கதிரேசன்ர பழைய புரோகிராம்கள், நல்லதெண்டு எங்களுக்குத் தெரிஞ்சதுகளை மட்டும், ஒவ்வொண்டா அதின்ர அடையாளத்தைப் பாத்து, "இது போகலாம், இது போகலாம்" எண்டு தனித்தனியா அனுமதி போட்டன். ஆளை நம்பாமல் சாமானை நம்புறது மாதிரி ஒரு ஏற்பாடு. லாப் நிக்கேல்லை.

அது முடியத்தான் சேர் கேட்டார்: "கொரல் கேட்டீங்களா அக்கா?"

கோல் எடுத்தன். விசயத்தைச் சொன்னன். கதிரேசன் முதல்ல நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சார். பிறகு, "எந்தத் தேதி கையெழுத்து மிஸ்?" எண்டார். சொன்னன்.

மனுசனுக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. "அன்னிக்கா? அன்னிக்கு ஆயுத பூசை மிஸ்! சாவி பூசையில இருந்துச்சு. நாங்க யாரும் எதையும் தொடவே மாட்டோம். விஜயதசமி காலையிலதான் எடுத்தோம். சாமி சத்தியமா நான் போடல."

எங்கட யாழ்ப்பாண ஆக்கள் சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தை வைச்சுக் கும்பிடுவம். இவையள் தொழில் செய்யிற ஆயுதம் எல்லாத்தையும் துடைச்சு, பொட்டு வைச்சு, அடுத்த நாள் காலமை வரைக்கும் கை படாமல் விடுவினம். இது எனக்குத் தெரிஞ்ச விசயம்தான். நான் அவரை நம்பினன். நம்பினதாலதான் தலையிடி கூடினது. ஏனெண்டால் கையெழுத்து விழுற நேரத்தைப் போடுறது அவற்ற மெஷின் இல்லை, வெளியில இருக்கிற ஒரு மூண்டாம் ஆள். கதிரேசன் நினைச்சாலும் அதை மாத்த ஏலாது. அந்தக் குச்சி இல்லாமல் கையெழுத்தும் விழாது. அப்ப ஆயுத பூசையண்டு பட்டப்பகலில அந்தக் குச்சியால ஆரோ கையெழுத்துப் போட்டிருக்கினம்.

டிரெக்டர் டொக்டரிட்டப் போனம். அவரும் வெள்ளவத்தை ஆள்தான், சரியான கெட்டிக்காரர், வாய் மட்டும் அரிவாள்.

"கையெழுத்து அவற்றதோ?"

"ஓம் டொக்டர்."

"சாவி அவரிட்டத்தானே இருந்தது?"

"ஓம்."

"அப்ப என்ன பேய்க்கதை கதைக்கிறீங்கள் பவானி? உங்கட கதிரேசன் பொய் சொல்லுறார். பொய்யனைத் தூக்கி எறியுங்கோ. மற்ற ஹொஸ்பிட்டல் டிரெக்டர்மாருக்கும் நான் எழுதப் போறன், இந்த மனுசன்ர புரோகிராமை ஆரும் தொட வேண்டாம் எண்டு."

அந்தக் கடிதம் போனால் கதிரேசன்ர கதை கந்தல். ஒரு நாளில கடையைப் பூட்ட வேண்டியதுதான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறதோ டொக்டர்?" எண்டு கேட்டிட்டன். டிரெக்டர் கண்ணாடியைக் கழட்டிப் பாத்தார். ஜவ்பர் சேர் இருமினார். "ஒரு நாள் தாங்க டொக்டர். அக்கா போய்ப் பாத்துட்டு வரட்டும்" எண்டார். ஒரு நாள் கிடைச்சது.

கொட்டாஞ்சேனைக்குப் போனன். படியில ஏறேக்கயே வசந்தி ஓடி வந்து கையைப் பிடிச்சா. அழுத முகம். கதிரேசன் கதிரையில சவரம் செய்யாத மூஞ்சையோட இருந்தார். நான் ஒண்டும் விசாரிக்கேல்லை. "பூசை எப்பிடிச் செய்தனீங்கள், அப்பிடியே எனக்குச் சொல்லுங்கோ" எண்டன்.

"எதுக்கு மிஸ் பூசையப் பத்தி?"

"சொல்லுங்கோவன்."

வசந்தி தன்ர ஃபோனில அண்டைக்கு எடுத்த படத்தைக் காட்டினா. வடிவான பூசை. மேசை துடைச்சு, கீபோர்ட்டில சந்தனம், ஸ்கிரீனுக்கு மாலை, முன்னால அவலும் சுண்டலும் வாழைப்பழமும். நான் படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். ஸ்கிரீன் வெளிச்சமா இருந்தது. பக்கத்தில சின்னதா ஒரு பச்சைப் புள்ளி.

"கொம்பியூட்டர் ஓடிக்கொண்டோ இருந்தது?"

"ஆமா மிஸ்" எண்டார் கதிரேசன். "ஓடாத மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. லேத்த ஓட விட்டுத்தான் தீபம் காட்டுவாரு. தொழில் உசிரோட இருக்கணும்ல. அதான் மெஷின ஆன் பண்ணி, சாவியையும் செருகி, அந்தக் குட்டி லைட்டு எரியிறப்பத்தான் நான் சூடம் காட்டுவேன். வருசா வருசம் அப்படித்தான்."

"சாவியை எப்பக் கழட்டினீங்கள்?"

"தசமி காலையில. பூசையில வச்சத நடுவுல தொடக் கூடாதுல்ல மிஸ்?"

நான் அப்பிடியே கதிரையில இருந்திட்டன். ஐயோ கடவுளே!

அந்த மெஷினைச் சோதிச்சுப் பாத்தம். எத்தினையோ கிழமையா ஒரு கள்ளன் உள்ள குந்திக்கொண்டு இருந்திருக்கிறான். விலைப்பட்டியல் கேட்டு வந்த ஈமெயில் ஒண்டோட ஒட்டிக்கொண்டு வந்தவன். கதிரேசன் இரகசிய இலக்கத்தை அடிக்கேக்க பாத்து எடுத்தும் வைச்சிருக்கிறான். ஆனால் குச்சி செருகி இருந்தால்தானே அவனால ஒரு வேலை ஏலும்? மற்ற நாளில கதிரேசன் செருகின கையோட கழட்டிப்போடுவார். கள்ளனுக்கு அவகாசமே கிடைக்கேல்லை. அண்டைக்கு மட்டும் மாலை போட்டு, சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு, பகலும் இரவுமா ஆரும் கிட்டப் போகாமல் விட்டிருக்கினம். வீட்டுக்காரர் தொடக் கூடாது எண்டு விலகி நிக்க, கள்ளன் ஆறுதலா இருந்து கையெழுத்துப் போட்டு, அதை அப்டேட்டா அனுப்பியும் விட்டிருக்கிறான். சிவபூசையில கரடி எண்டு சும்மாவோ சொன்னவை!

கதிரேசன் சொன்னதில ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர் தொடவே இல்லை. தொடாததுதான் பிழையாப் போச்சு. இதை அந்த மனுசற்ற முகத்துக்கு நேர சொல்லவேண்டி வந்தது. மெல்ல மெல்லத்தான் சொன்னன்.

வசந்திதான் முதல்ல வெடிச்சா. "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? படுக்கப் போறப்ப ஆஃப் பண்ணுங்கன்னு! சாமிக்கு லைட்டு வேணும்னா வெளக்கு இருக்குல்ல?"  கதிரேசன் என்னைப் பாத்து, "சாமிக்கு வச்சதுல எப்படி மிஸ் கை வச்சான்?" எண்டு கேட்டார். ஒரு குழந்தைப்பிள்ளை கேக்கிற மாதிரிக் கேட்டார். நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டன்.

ஒஃபிசுக்குத் திரும்பி ரிப்போட் எழுத இருந்தால், எழுத வருகுதில்லை. பூசை எண்டு எழுதினால் டிரெக்டர் வாசிப்பார், மற்றவையும் வாசிப்பினம். சாமி கும்பிட்டுக் கோட்டை விட்டவன் எண்டு கொழும்பு முழுக்கச் சிரிக்கும். எழுதாட்டி அது முழு உண்மை இல்லை. ஜவ்பர் சேரிட்டச் சொன்னன். அவர் யோசிச்சிட்டு, "சாவி ஒரு பகலும் ஒரு ராவும் ஓடுற மெஷின்ல ஈந்திச்சி எண்டு எழுதுங்க அக்கா. அது உண்மை. எங்களுக்கு வேணும்கியதும் அவ்வளவுதான். எதுக்கு ஈந்திச்சி எண்டது அவருக்கும் அவர்ட கடவுளுக்கும் நடுவில ஈக்கிய விசயம்" எண்டார். எத்தினையோ சேர்மாரோட வேலை செய்தனான். அண்டைக்கு மாதிரி ஒரு ஆளில எனக்கு மரியாதை வந்ததில்லை.

டிரெக்டர் ரிப்போட்டை ரெண்டு தரம் வாசிச்சார். "சரி, பொய்யன் இல்லை. அப்ப மடையன். மடையனை மட்டும் ஏன் வைச்சிருக்க வேணும்?" எண்டார்.

நான் பாய வெளிக்கிட, சேர் மெல்லக் கையைக் காட்டி மறிச்சார். "டொக்டர், மத்த லாபுகளுக்கும் இந்தச் சாமான் போயீக்கி. அவங்களுக்கு இன்னும் தெரிஞ்சீக்காது. அவரே எல்லாருக்கும் கோல் எடுத்துச் செல்லட்டும். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள சென்னா, அவர்ட பேர நாங்க திரும்ப யோசிப்பம். செல்லாட்டி நீங்க எழுத ஈந்த கடிதத்த எழுதுங்க."

டிரெக்டர் சிரிச்சார். "அவர் சொல்ல மாட்டார் ஜவ்பர். ஆர் தன்ர தலையில தானே மண் அள்ளிப் போடுவினம்?"

அடுத்த நாள் காலமை திரும்பவும் கொட்டாஞ்சேனை. கீழ் கடையில பாத்திரம் இறக்கிற சத்தம். நான் வந்த விசயத்தைச் சொன்னன். கதிரேசன் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார். பிறகு தணிஞ்ச குரலில, "புது அப்டேட் ஒண்ணு விட்டா அந்தப் புரோகிராம் எல்லா எடத்துலயும் தானா அழிஞ்சுரும் மிஸ். யாருக்கும் தெரியாது" எண்டார்.

அவர் சொன்னது சரி. ஆருக்கும் தெரியவராது, எங்கட டிரெக்டர் எழுதிற கடிதத்தை மறுத்துக் கதைக்கவும் ஏலும். என்ர நாக்கு நுனியில பத்து ஏச்சு நிண்டது. ஒண்டையும் துப்பேல்லை, எனக்கே அது அதிசயம். நான் தள்ளிச் சொல்லவைச்சால் அது அவற்ற சொல்லு இல்லைத்தானே.  வசந்தி புருசனையே பாத்துக்கொண்டு நிண்டா. 

"அந்த லாபுகளுக்கு வர்ற ஜனங்க ரிப்போட்டும்ல வெளிய போயிருக்கும்" எண்டார் கதிரேசன், தனக்குத்தானே. பிறகு ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில போட்டார்.

முதல் கோல் ஹெந்தளைக்கு. அந்த லாப் முதலாளி கதிரேசன்ர முதல் வாடிக்கையாளராம். கதிரேசன் ஒண்டையும் மறைக்கேல்லை. சாவியைத் தானே விட்டுவைச்சது, கள்ளன் கையெழுத்துப் போட்டது, இப்ப உடன என்ன செய்ய வேணும், எல்லாம் வடிவா ஒழுங்காச் சொன்னார். அந்தப் பக்கம் கத்தின கத்தில வசந்தி காதைப் பொத்தினா. "ஒன்ன நம்பினதுக்கு என்னச் செருப்பால அடிக்கணும்! இனி ஒன் புரோகிராம் எனக்கு வேணாம்!" கோல் கட்டாச்சு. கதிரேசன் முகத்தைத் துண்டால துடைச்சார். ரெண்டாவது ஆள் ஏசேல்லை. "யோசிச்சுச் சொல்லுறம்" எண்டு வைச்சிட்டினம். அது ஏச்சிலும் பொல்லாதது.

மூண்டாவது கொலன்னாவையில ஒரு லாப். பொறுப்பா இருந்தவ ஒரு சிங்கள அம்மா. கதிரேசனுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு, ஆனால் அண்டைக்குத் திக்கித் திக்கித்தான் வந்தது. அவ முழுக்கக் கேட்டா.  லைன் கட்டாச்சோ எண்டு நான் ஃபோனை எட்டிப் பாத்தன்.

பிறகுதான் அவ சிங்களத்தில ஆறுதலாச் சொன்னா: "எங்களுக்குத் தெரியும் மாத்தையா. போன கிழமையே எங்கட கொம்பியூட்டர் பொடியன் கண்டுபிடிச்சு மறிச்சிட்டான். நீங்களாச் சொல்லுறீங்களோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தம். இந்தக் கிழமை முடியுமட்டும் பாக்கிறது, சொல்லாட்டி நாங்களே எல்லாருக்கும் சொல்லுறது எண்டுதான் முடிவெடுத்து வைச்சிருந்தம். சரி, இப்ப புதுக் கையெழுத்து எப்ப வரும் எண்டு சொல்லுங்கோ."

 வசந்திதான் ஃபோனை வாங்கி, திகதி சொல்லி, நன்றி சொல்லி வைச்சா. வைச்சிட்டு அப்பிடியே நிலத்தில குந்தி ஓவெண்டு அழுதா.  ஒரு அப்டேட்டோட இதை மூடி மறைச்சிருந்தால்?  "போதும், கொஞ்சம் இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்" எண்டு நான் எழும்பினன்.

டிரெக்டர் கடைசியில அந்தக் கடிதத்தை எழுதேல்லை. புதுச் சாவி வந்த உடன நான் கதிரேசனுக்குத் திரும்பவும் பொறுப்பு நிண்டன், வேலையை விட்டு வருமட்டும் நிண்டனான். ஹெந்தளைக்காரர் திரும்பி வரவே இல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். பிறகும் ஏன் பொறுப்பு நிண்டனீங்கள் எண்டு ஆராவது கேட்டால், கையெழுத்து, சாவி எண்டு நான் விளக்கம் குடுக்க மாட்டன். அண்டைக்கு நான் தேத்தண்ணிக்கு எழும்பின நேரம் அவர் செய்ததைத்தான் சொல்லுவன்.

"டீ அப்புறம் குடிக்கலாம் மிஸ்" எண்டார் கதிரேசன்.  "கொலன்னாவ அம்மா மாதிரி இன்னும் யாராச்சும் காத்துக்கிட்டு இருந்தா?" எண்டு கேட்டுக்கொண்டே அடுத்த நம்பரை அடிச்சார்.